யூதன் இல்லாமல் முடிந்த சிலுவைப் போர்

கொட்டாஞ்சேனை சவிரிமுத்து, தெரிந்த மனிதனைத் தெரியாது என்று சொன்னார். போலீசிடம் சொன்னார். கோயில் வாசலில் நின்று, திருவிழா அன்று சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அவர் அந்தக் கோயில் நாடகக் குழுவின் தலைவர். நான் தூத்துக்குடியில் நாடக உடுப்பு வாடகைக்கு விடுகிறவன். கிரீடம், அங்கி, மரவாள், ஒட்டுத் தாடி எல்லாம் என்னிடம் உண்டு. எங்கள் கடலோரத்தில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் ஊர்களில் திருவிழா நாடகம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இலங்கையில் சண்டை நடக்கிற இந்தக் காலத்தில் கொழும்புக்கு உடுப்புக் கொண்டுபோனது இதுதான் முதல் தடவை. போன கதையை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நான் பேசுவது அதிகமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே வெள்ளித்தாள் ஒட்டிய வாள்கள் கிடந்தன. சுங்கக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் துப்பாக்கி வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. "டிராமா, டிராமா" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். கடைசியில் ஒருவர் பெட்டிக்குள் கைவிட்டு ஒட்டுத் தாடியை இழுத்து, செத்த எலி என்று நினைத்துத் தரையில் வீசினார். எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியை விட்டார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் வந்திராவிட்டால் அன்று ராத்திரி எங்கே படுத்திருப்பேன் என்று தெரியாது.

வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். உள்ளே போனதும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். தங்குகிற தமிழர் ஒவ்வொருவரையும் போலீசில் பதிய வேண்டுமாம். எங்கள் ஊர் லாட்ஜில் எந்தப் பெயரைச் சொன்னாலும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே பெயரைப் பதிந்த பிறகுதான் மூச்சு விடலாம். அறை அறையாக வடக்கிலிருந்து வந்தவர்கள். விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து மகன் போன் எடுப்பான் என்று காத்திருக்கிறவர்கள். கதவுகளெல்லாம் பாதி திறந்தே இருந்தன. எந்த நேரமும் யாரோ கூப்பிடலாம் என்கிற மாதிரி.

காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கொடுத்தார்கள். சொதி எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் உண்டு. ஆனால் அங்கே கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்துக்குத்தான் வைப்பார்கள். இங்கே தினமும் கல்யாணத்துக்கு மறுநாள்தான். சாப்பிடுகிறவர்கள் முகத்தில்தான் கல்யாணக் களை இல்லை.

என் எதிர்க் கட்டிலில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். கனடாவுக்குப் போகக் காத்திருந்தார். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"என்ன நாடகம் கொண்டுவந்தனீங்கள்?" என்று கேட்டார்.

ஆண்டவருடைய கல்லறையைத் துருக்கரிடமிருந்து மீட்க ஒரு கிறிஸ்தவ ராஜா கடல் தாண்டிப் போகிற கதை என்று சொன்னேன்.

"ஓ, சிலுவைப் போர். இந்த நாட்டில நடக்கிற சண்டை காணாதெண்டு அதையும் பெட்டியில கட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்றார்.

மறுநாள் பெட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். இரத்மலானைப் பக்கமிருந்து வந்த பஸ், மூச்சு முட்டுகிற கூட்டம். காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்க விட்டார்கள். என் பெட்டி மட்டும் பஸ்ஸுக்குள் இருந்தது. ஒரு ராணுவக்காரன் அதைக் காட்டி யாருடையது என்று கேட்டான். என்னைச் சுற்றி நின்றவர்கள் விலகிய வேகத்தை எந்தத் திருவிழாக் கூட்டத்திலும் நான் கண்டதில்லை. ஒரு பெண் மட்டும், "ஐயா, கெதியாத் திறந்து காட்டுங்கோ, எனக்கு வேலைக்கு நேரம் போகுது" என்றாள்.

திறந்தேன். அவன் கிரீடத்தை எடுத்து, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் கண்ணாடியில் பார்த்தான். சின்ன வயசுப் பையன். அவன் சிரிக்கும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் சிரித்த பிறகு எல்லோரும் அளவாகச் சிரித்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் சவிரிமுத்து என்னை நன்றாகத்தான் வரவேற்றார். துறைமுகத்தில் கிளார்க் வேலை, வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். மீன் பணிஸ் என்கிற மீன் பன்னும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தார். என் அங்கிகளைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார். அதையும் எழுத வேண்டியதுதான் நியாயம்.

பிறகு நாடகத்தின் வழக்கத்தைச் சொன்னார். கிறிஸ்தவ ராஜாவும் அவர் படையும் அந்தப் பங்கின், அதாவது அந்தக் கோயில் வட்டாரத்தின், பழைய குடும்பங்கள். அவர்கள் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் உடுப்பார்கள். துருக்கர் பக்கம், சண்டையால் மன்னாரிலிருந்து வந்து அந்தப் பங்கில் குடியிருக்கிறவர்கள். அவர்கள் வேதக்காரர்தான், தினமும் பூசைக்கு வருகிறவர்கள்தான். ஆனாலும் துருக்கர் உடுப்பைக் கோயில் மதிலுக்குள் போடக்கூடாதாம். மதிலுக்கு வெளியே உடுத்து, மேளத்தோடு வாசலைத் தாக்கி உள்ளே வர வேண்டும்.

கதையில் ஒரு யூத வைத்தியனும் உண்டு. இரண்டு படைக்கும் காயத்துக்கு மருந்து போடுகிறவன். கிறிஸ்தவர் அவனைத் துருக்கனின் ஒற்றன் என்று அடிப்பார்கள், துருக்கர் அவனைக் கிறிஸ்தவனின் ஒற்றன் என்று அடிப்பார்கள். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் எந்தப் பக்கமும் சேராதவன் என்பதால் இரண்டு பேரோடும் உடுக்கக்கூடாது. சந்தியில் எங்காவது தனியாக உடுத்து, மருந்துப் பையோடு தெருவழியே நடந்து வர வேண்டும்.

எங்கள் ஊரில் எல்லா ராஜாவும் ஒரே ஓலை மறைப்புக்குள் உடுப்பார்கள். ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "தலைவரே, ஊர் இருக்கிற இருப்பில் தாடி வைத்த ஒருத்தனைப் பையோடு தனியாகத் தெருவில் நடக்க விடுவீர்களா?"

"உங்களுக்கு விளங்கேல்லை ஐயா. என்ர தகப்பன் காலத்தில இருந்து அப்பிடித்தான். பொலிஸில அனுமதி எடுத்திருக்கிறன், என்ர பேரில. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

இந்த வார்த்தையை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அவர் பேரில் அனுமதி.

யூத வேடத்துக்கு அந்தப் பங்கில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. எடுத்துக்கொண்டவன் ராசு. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், நாற்பது வயசு இருக்கும். மனைவியும் பெண் பிள்ளைகளும் தோட்டத்தில். கோயிலுக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் வேலை, இரவில் அங்கேயே படுக்கை. ஒத்திகைக்கு டீ கொண்டுவந்து, நின்று பார்த்து, சிரித்து, அப்படியே உள்ளே வந்துவிட்டான். அவன் கும்பிடுகிற சாமி முருகன். தாடியை ஒட்டிப் பார்க்கும்போது நெற்றியில் திருநீறு இருந்தது, நான்தான் துடைத்துவிட்டேன்.

"இதில் அடிதானே அதிகம், ஏனப்பா ஒத்துக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"அடி நமக்குப் பழக்கந்தானண்ணே. இதுல கைத்தட்டும் சேத்துக் கெடைக்குது" என்றான். "எங்க தாத்தா ஊரும் ஒங்க பக்கந்தாண்ணே. ஊரு பேருதான் மறந்துபோச்சு."

துருக்கர் உடுக்க இடம் கொடுத்தவர் ஹனீபா என்கிற தையல்காரர். கோயிலின் பின்மதிலை ஒட்டிக் கடை. எங்கள் ஊர் வழக்கப்படி பாய் என்று கூப்பிட்டேன்.

"இங்க பாயெண்டால் படுக்கிறது. எங்கட ஆக்களில அண்ணனுக்கு நானா. நானா எண்டு கூப்பிடுங்கோ" என்றார். என் தலைப்பாகை ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன, முட்டைக்கோவா மாதிரி? எங்கட ஆக்கள் இதைக் கட்டிக்கொண்டே சண்டைக்குப் போனவங்கள்? கழுத்து நிமிராதே."

துருக்க ராஜாவின் அங்கி ஓரம் பிரிந்திருந்தது. கேட்காமலே எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். கடைசியில் அந்த ராஜாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். தோற்று, ஞானஸ்நானம் வாங்குவான் என்றேன்.

"மாட்டனெண்டால்?"

"தலை போகும்."

நூலைப் பல்லால் கடித்தார். "எங்களுக்கு அந்தத் தெரிவும் தரேல்லை. போ எண்டதோட சரி."

ஹனீபாவும் மன்னார்க்காரர். சோனகர் என்கிற முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று துப்பாக்கி வைத்திருந்த தமிழ்ப் பையன்கள் சொன்ன நாளில் உடுத்த துணியோடு வந்தவர்.

"சிங்களத்தில சொல்லியிருந்தால் விளங்கேல்லையெண்டு கொஞ்ச நேரமாவது நிண்டிருக்கலாம்" என்றார். "எங்கட பாஷையிலயெல்லோ சொன்னாங்கள்."

"பிறகு ஏன் இவர்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள்?"

"இந்தத் துருக்கர் எல்லாரும் என்ர ஊர் ஆக்கள். அங்க பக்கத்து வீடு. இங்க அவங்களும் மதிலுக்கு வெளியால, நானும் வெளியால."

அன்று சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பி மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். கடல் பக்கம் ரயில் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு சொன்னார்.

"சிலுவையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட கூட்டம் முதல் வெட்டினது ஆரை எண்டு தெரியுமோ? துருக்கரை இல்லை. துருக்கன் எங்கயோ தூரத்தில. போற வழியில ரைன் ஆத்தங்கரைப் பட்டணங்களில யூதர் இருந்தவை. அவையளைத்தான். ஞானஸ்நானம் எடு, இல்லாட்டில் சா. சில ஆயர்மார் தங்கட மாளிகைக்குள்ள ஒளிச்சு வைச்சுப் பாத்தவை. கூட்டம் கதவை உடைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனது. பிறகு எருசலேமைப் பிடிச்ச அண்டைக்குச் சோனகரையும் யூதரையும் ஒண்டாய்ச் சேத்து வெட்டினவை."

"நாடகத்தில் அது ஒன்றும் இல்லையே."

"நாடகம் வெண்ட பக்கம் எழுதினது" என்றார். பிறகு, "இந்தச் சோனகருக்கு இங்கிலீசில இருக்கிற மூர் எண்ட பேரே போர்த்துக்கேயன் வைச்சது. தன்ர நாட்டில சண்டை பிடிச்ச சோனகன்ர பேரை, கடல் தாண்டி வந்து இவைக்கும் ஒட்டிப்போட்டான். வந்து இறங்க முன்னமே அவனுக்கு எதிரி தயார்" என்றார்.

இத்தனை வருஷம் அந்த யூதத் தாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த அடி நிஜத்தில் எங்கே விழுந்தது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

திருவிழா நாடகம் எங்கள் ஊரில் விடிய விடிய நடக்கும். கொழும்பில் இருட்டிய பிறகு கூட்டம் கூட யாருக்குத் தைரியம்? மத்தியானத்திலேயே ஆரம்பித்தார்கள். வெயிலில் கிரீடம் தகதகவென்று இருந்தது. துருக்கர் ஹனீபா கடையிலிருந்து மேளத்தோடு வந்து வாசலைத் தாக்கினார்கள். தெருமுனைப் போலீசாரும் நின்று ரசித்தார்கள். பயந்தது வீண் என்றுகூட நினைத்தேன்.

அடுத்து யூதன் வர வேண்டும். மேளம் அடித்தார்கள். வரவில்லை. மறுபடி அடித்தார்கள். அப்போது தெருவில் கடைக் கதவுகள் படபடவென்று விழுகிற சத்தம் கேட்டது. சனம் ஓடியது. நானும் ஹனீபாவும் வெளியே போனோம்.

நடுத்தெருவில் ராசு இரண்டு கையையும் தலைமேல் வைத்து நின்றான். பாதித் தாடி பிய்ந்து தொங்கியது. மருந்துப் பை தூரத்தில் தனியாகக் கிடந்தது. குண்டோ என்று அதற்குக் கிட்டே போக ஒருவரும் இல்லை. பிறகு ஒரு போலீஸ்காரர் நீளக் கம்பால் அதைக் கவிழ்த்தார். பஞ்சும், கலர்த் தண்ணீர்ப் போத்தல்களும், ஒரு குறடும் விழுந்தன. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஐடென்டி எங்கே என்று கேட்டார்கள். என் அங்கிகளுக்குச் சட்டைப்பை கிடையாது. ராஜாவுக்கும் வைத்தியனுக்கும் யாரும் பை வைத்துத் தைப்பதில்லை. அவன் தன் சாப்பாட்டுக் கடையில் உடுத்துக்கொண்டுதான் சந்திக்குப் போயிருந்தான்; அடையாள அட்டை, கழற்றிப் போட்ட காற்சட்டையில் அங்கே இருந்தது. கடை பூட்டிக் கிடந்தது, முதலாளி ஓடிவிட்டார்.

ராசுவைக் கோயில் வாசலுக்கு இழுத்துவந்தார்கள். உள்ளே கிறிஸ்தவ ராஜா வாளோடு நின்றார். சவிரிமுத்து வாசற்படியில் நின்றார். அதிகாரி அவரிடம் ஏதோ கேட்டார். அவர் சிங்களத்தில் பதில் சொன்னார்.

ஹனீபா என் காதில் தமிழில் சொன்னார்: "எங்கட ஆக்கள் எல்லாரும் உள்ளுக்குத்தான் நிக்கினமாம். இவன் ஆரெண்டு தெரியாதாம்."

"ஐயா, நாந்தாங்க ராசு" என்றான் அவன். "டீ கொண்டாந்து குடுப்பேனே. பாருங்கய்யா."

சவிரிமுத்து கொடிமரத்தைப் பார்த்தார்.

அந்த அங்கி என்னுடையது, இவன் நாடகக்காரன் என்று கத்தினேன். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்கள். ஹனீபா முன்னால் போய்ச் சிங்களத்தில் சொன்னார். நீ கோயில் ஆளா என்று கேட்டார்கள். இல்லை. அப்படியானால் தள்ளி நில் என்றார்கள். ஜீப் போய்விட்டது.

இனிச் சொல்லப் போவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. மேளத்தை மறுபடி அடிக்கச் சொன்னார் சவிரிமுத்து. யூதன் வருகிற காட்சியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். கோட்டை விழுந்தது. துருக்க ராஜா முழங்காலில் நின்று ஞானஸ்நானம் வாங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். யூதன் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் கேட்கவில்லை.

மறுநாள் ஹனீபா, சாப்பாட்டுக் கடையைத் திறக்கவைத்து, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். அட்டையில் தோட்டத்து முகவரி இருந்தது. கொழும்பில் பதிவு இல்லை. சாப்பாட்டுக் கடை முதலாளி, அவன் வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது என்று கைகழுவினார். பங்குச் சாமியாரும் வந்தார். ஆனால் அவர் மாற்றலாகி வந்து சில நாள்தான் ஆகிறது, ராசுவைப் பார்த்ததே இல்லை. பொய் சொல்ல மாட்டேன் என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை.

அதிகாரி ஹனீபாவிடம் சொன்னது இதுதான்: விழாவுக்கு அனுமதி வாங்கிய மனிதர் நேரில் வந்து, இவன் என் நாடகத்தில் நடிக்க வந்தவன் என்று சொல்லட்டும், விசாரித்து அவனை வெளியே விடுகிறேன்.

அங்கிருந்து நேரே சவிரிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

"நான் ஒருக்கா இல்லையெண்டு சொல்லிப்போட்டன் ஐயா" என்றார். வேர்த்திருந்தது. "இப்ப போய் ஓமெண்டால், ஏன் பொய் சொன்னனி எண்டு என்னையும் உள்ளுக்குப் போடுவாங்கள். எனக்குக் குமர்ப்பிள்ளை ஒண்டு இருக்கு."

"அவனுக்கும் பெண் பிள்ளைகள்தான்."

"அவன் எங்கட பங்கும் இல்லை, எங்கட சமயமும் இல்லை."

"வேடம் கொடுத்தது யார்?"

"குழு."

"குழுவுக்குத் தலைவர் யார்?"

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சோதனைச் சாவடியில் நானும் பயந்தவன்தான். ஆனால் பயந்தவர்கள் வேறு யாரும் அதற்குச் சமயத்தைத் துணைக்குக் கூப்பிடவில்லை. கல்லறையை மீட்கப் போகிறோம் என்று பாடிக்கொண்டு போய், வழியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரனைப் பலி கொடுத்த கூட்டத்தைப் பற்றி மாஸ்டர் சொன்னார் அல்லவா? நான் அதை நேரில் பார்த்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் உடுப்புகளை வாங்க ஹனீபா கடைக்குப் போனேன். எல்லா அங்கியிலும் உள்பக்கம் ஒரு சின்னப் பை தைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. "இனி எந்த ஊருக்குப் போனாலும் ராசாவுக்கும் ஐடென்டி வேணும்" என்றார்.

ராசுவின் மனைவி தோட்டத்திலிருந்து வந்து அங்கே உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுக்காகத் தோய்த்து மடித்த சட்டை. என்ன வேடம் கட்டினார் என்று என்னிடம் கேட்டாள். டாக்டர் வேடம் என்றேன்.

"டாக்டரையாங்க புடிச்சிட்டுப் போனாங்க?" என்றாள்.

நான் ஊர் வந்து சேர்ந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஹனீபா போனில் சொல்கிறார்: ராசுவை ஸ்டேஷனிலிருந்து வேறு ஊர்ச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை, விடவும் இல்லை. இவன் என் நாடகத்துக்கு வந்தவன் என்று சொல்ல, அனுமதி வாங்கியவர் இன்றுவரை போகவில்லை. அந்த அதிகாரி இன்னும் அதே ஸ்டேஷனில்தான் இருக்கிறார்.

திரு. சவிரிமுத்து அவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் கோயில் வாசிகசாலைக்கு வருகிறது. நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே படிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், என் கோபத்தைத் தணிக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலையுமுன் எழுந்து நில்லுங்கள். உங்கள் பங்கு மக்கள் எல்லோர் காதிலும் விழும்படி, தமிழிலும் சொல்லுங்கள், சிங்களத்திலும் சொல்லுங்கள்: ராசுவை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?